உயரம் குறைத்த பிக்கப்பில் ஸ்டீயரிங் மக்கர் பண்ணுதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

நாமக்கல்:

லோடு ஏற்றும் பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைத்து, தரையோடு தரையாக ஓட்டும் மோகம் இளைஞர்கள் சிலரிடம் இருக்கிறது. பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் இறக்கின சில நாளிலேயே புகார் ஆரம்பிக்கும். "வண்டி ஒரு பக்கமா இழுக்குது", "ஸ்டீயரிங் திரும்பி வர மாட்டேங்குது", "குழியில இறங்கினா கையை உதறுது" என்று பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள்.

அங்கே பெரும்பாலும் என்ன நடக்கும்? முதலில் அலைன்மென்ட். சரியாகவில்லை என்றால் டை ராடு எண்டு. அதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்டீயரிங் பாக்ஸ். காசு போய்க்கொண்டே இருக்கும், கோளாறு மட்டும் போகாது. ஏன் என்றால் நோய் ஒரு இடம், வைத்தியம் வேறு இடம்.

நம் மாவட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் ஸ்டீயரிங் ஒரு நொடி பேச்சு கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

ஆகவே, வண்டியை இறக்கினால் ஸ்டீயரிங் ஏன் கெடுகிறது, எந்த அறிகுறிக்கு எது காரணம், பட்டறைக்குப் போகும் முன் நாமே எப்படி சோதிப்பது என்ற விவரம் வருமாறு:-

இறக்காமலே இறங்கிய வண்டிகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா, தாய்லாந்து போன்ற இடங்களில் பிக்கப்பை இறக்கி ஓட்டுவது பல வருடமாக நடக்கிறது. அங்கே இதற்கென்றே தனி ஸ்பிரிங், தனி ஆர்ம் எல்லாம் செட்டாகக் கிடைக்கும். நம் ஊரில் அப்படி இல்லை. காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுப்பது, கேஸ் வைத்து சூடு காட்டி அமுக்குவது, பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றுவது, பின் அச்சுக்கு மேலே இருக்கும் பட்டையைக் கீழே மாற்றிக் கட்டுவது இதுதான் கை வைத்தியம்.

இன்னொரு ரகமும் உண்டு. யாரும் இறக்காமலேயே இறங்கிய வண்டிகள். வருடக்கணக்கில் அளவுக்கு மேல் லோடு ஏற்றி, பட்டை தளர்ந்து, வண்டி உட்கார்ந்திருக்கும். ஓட்டுபவருக்கே அது தெரியாது. 'ஸ்டைலுக்கு' இறக்கிய வண்டிக்கு வரும் அதே கோளாறு இந்த வண்டிக்கும் வரும். ஆக, இந்த செய்தி இரண்டு பேருக்கும்தான்.

ஊஞ்சல் கணக்கு

முன் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகள் உண்டு. இசுசு டி-மேக்ஸ் அந்த ரகம். சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும், நடுவில் காயில் ஸ்பிரிங். டாடா ஏஸ் வேறு ரகம். இரண்டு முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரே அச்சு, அதைத் தாங்க பட்டை.

முதல் ரகத்தில் என்ன ஆகிறது? சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒரு ஊஞ்சல் போல ஏறி இறங்குகிறது. சக்கரத்தைத் திருப்பும் டை ராடு இன்னொரு ஊஞ்சல். கம்பெனி வைத்த உயரத்தில் இந்த இரண்டு ஊஞ்சலும் ஒரே மாதிரி வட்டம் போடும். சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் நேராகவே நிற்கும்.

வண்டியை இறக்கினதும் ஆர்மும் டை ராடும் சாய்வு மாறிவிடுகின்றன. வட்டம் ஒத்துப் போவதில்லை. சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் டை ராடு அதைத் தள்ளும், அல்லது இழுக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். இதற்குப் பட்டறையில் 'பம்ப் ஸ்டீயர்' என்று பெயர்.

இரண்டாவது ரகத்திலும் தப்பிக்க முடியாது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் இருக்கிறது. அங்கிருந்து அச்சுக்கு டிராக் லிங்க் என்ற கம்பி போகிறது. சேசிஸ் இறங்கினால் அந்தக் கம்பியின் சாய்வு மாறும். வண்டி நேராகப் போகும், ஆனால் ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கும். குழியில் இறங்கும்போது கையை வெடுக்கென்று உதறும்.

3 கோணம் தெரிஞ்சா போதும்

அலைன்மென்ட் கடையில் சொல்லும் 3 வார்த்தைகளைப் புரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது.

கேம்பர்: வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு. தனித்தனி சக்கர வண்டியை இறக்கினால் பெரும்பாலும் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகும். வெளியில் இருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே கம்பி தெரியும்!

டோ: மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரத்தின் மூக்கும் சேர்ந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்பது. இது மில்லிமீட்டர் கணக்கு. கொஞ்சம் தப்பினாலும் டயர் ரம்பம் மாதிரி தேயும், வண்டி அலையும்.

காஸ்டர்: சைக்கிளின் முன் போர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்த சாய்வு ஒரு முக்கிய காரணம். பிக்கப்பிலும் அதே கணக்குதான். வளைவில் திருப்பிவிட்டு கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான்.

நம் ஊரில் சிலர் முன்பக்கத்தை இறக்கிவிட்டு, லோடு தாங்க வேண்டும் என்று பின்பக்கம் கூடுதல் பட்டை போடுவார்கள். வண்டி மூக்கு குத்தி நிற்கும். காஸ்டர் குறைந்துவிடும். அப்புறம் நேர் ரோட்டில் கூட வண்டி பாம்பு மாதிரி நெளியும். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிகுறி ஒன்று, காரணம் ஒன்று

* நேர் ரோட்டில் ஒரு பக்கமாக இழுத்தால்: காற்று, டயர், இரண்டு பக்க உயர வித்தியாசம், கேம்பர், காஸ்டர்.

* பிரேக் அடித்தால் மட்டும் இழுத்தால்: ஒரு பக்க பிரேக் ஒட்டிப் பிடித்தல், அல்லது ஆர்ம் புஷ் போயிருத்தல். பட்டை உள்ள முன் அச்சு என்றால் பிரேக் அடிக்கும்போது தளர்ந்த பட்டை முறுக்கிக்கொண்டு அச்சே லேசாக உருளும். டிராக் லிங்க் இழுபடும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

* குழியில் மட்டும் உதறினால்: பம்ப் ஸ்டீயர். அல்லது சக்கரம் ஏற இடம் இல்லாமல் ரப்பர் ஸ்டாப்பரில் 'டங்' என்று முட்டுதல்.

* திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வராவிட்டால்: காஸ்டர் குறைவு, பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின் இறுகியிருத்தல்.

* குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால்: வீல் பேலன்ஸ், வளைந்த ரிம். இது உயரம் சம்பந்தப்பட்டது இல்லை.

* முழுசாகத் திருப்பினால் சத்தம் வந்தால்: டயர் மட்கார்டில் உரசுதல். இறக்கிய வண்டியில் அகல டயரும் போட்டால் இது நிச்சயம். பவர் ஸ்டீயரிங் என்றால் ஆயில் குறைவு, பெல்ட் நழுவுதல் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம்

கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். எளிதானதும் காசு ஆகாததும் முதலில்.

1) காற்று: டயர் ஆறியிருக்கும்போது நாலு சக்கரமும் பார்க்கவும். முன் சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

2) டயரைத் தடவிப் பார்ப்பது: வண்டியை நிறுத்தி, டயரின் உள் ஓரத்தில் இருந்து வெளி ஓரம் வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவவும். கம்பி நீட்டியிருக்கலாம், ஜாக்கிரதை. உள் ஓரம் மட்டும் வழுவழுப்பு என்றால் கேம்பர். ஒரு பக்கம் தடவினால் வழுவழு, எதிர்ப்பக்கம் தடவினால் முள் என்றால் டோ.

3) உயரம்: சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளக்கவும். இடது, வலது இரண்டும் எழுதி வைக்கவும். நன்றாக வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கை சரி செய்யாமல் அலைன்மென்ட் பண்ணுவது வீண்.

4) ஸ்டீயரிங் ஆட்டம்: சக்கரத்தை நேராக வைத்து, பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதும் அசைக்கவும். சக்கரம் அசையும் முன் ஸ்டீயரிங் எவ்வளவு சும்மா சுற்றுகிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 98-வது விதி, இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. 38 செ.மீ. அகலமுள்ள ஸ்டீயரிங் வீலில் விளிம்பில் அளந்தால் இது சுமார் 10 செ.மீ. ஆனால் இது சட்டத்தின் கடைசி எல்லை. அவ்வளவு வரும் வரை காத்திருக்கக் கூடாது. போன மாதம் இருந்ததை விட கூடியிருந்தாலே பட்டறைக்குப் போக வேண்டும்.

5) இரண்டு ஆள் சோதனை: ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை அசைக்கட்டும். மற்றவர் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். ஸ்டீயரிங் பாக்ஸில் இருந்து கிளம்பும் அசைவு எந்த மூட்டில் வந்து தாமதமாகிறதோ அதுதான் தேய்ந்த மூட்டு. மூட்டின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் உள்ளே மண்ணும் தண்ணியும் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே 98-வது விதி சொல்கிறது.

6) ஜாக்கி சோதனை: சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. லோயர் ஆர்மில் காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால் அந்த ஆர்முக்கு அடியில் முட்டுக் கொடுத்தால்தான் பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டு பக்கம். 12, 6 இடத்தில் ஆட்டம் என்றால் பேரிங், பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். அப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் மற்றது.

7) பம்ப் ஸ்டீயர் சோதனை: தனித்தனி சக்கர வண்டிக்கு இது. சமதளத்தில், முன் டயர் ஒவ்வொன்றுக்கும் அடியில் நடுவே கிரீஸ் தடவிய 2 பாலிதீன் தாள்களை வைத்து வண்டியை அதன் மேல் ஏற்றுங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். இரண்டு முன் டயருக்கும் இடையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் டேப் பிடித்து அளங்கள். பிறகு 2, 3 பேரை முன் பம்பர் மேல் மெதுவாக அமுக்கச் சொல்லிவிட்டு மறுபடி அளங்கள். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால், குழிக்குக் குழி உங்கள் சக்கரம் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. புது டை ராடு எண்டு போட்டாலும் இது போகாது.

8) டயர் மாற்றிப் பார்ப்பது: எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். சுற்றும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் இது வேண்டாம். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான்.

பின்னாடியும் பாருங்க

ஸ்டீயரிங் கோளாறு என்றால் எல்லோரும் முன்பக்கம்தான் பார்ப்பார்கள். பின் அச்சை மறந்துவிடுவார்கள். பட்டையைக் கழற்றி மாட்டும்போது சென்டர் போல்ட் அதன் குழியில் சரியாக உட்காரவில்லை என்றால் பின் அச்சு கோணலாக நிற்கும். வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். நேராகப் போக ஸ்டீயரிங்கை கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

சோதிப்பது சுலபம். சக்கரத்தை நேராக வைத்து, முன் சக்கர நடுவில் இருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. இல்லையென்றால் தரையில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வண்டியை நேராக ஓட்டிப் பாருங்கள். பின் டயர் தடம் முன் டயர் தடத்தை விட்டு ஒரே பக்கமாக விலகினால் கோளாறு பின்னாடிதான். யு போல்ட் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். வண்டியை இறக்கினால் அந்த வால்வு 'லோடு ஏறியிருக்கு' என்று ஏமாந்துவிடும். காலி வண்டியில் பின் பிரேக் பலமாகப் பிடிக்கும். மழை ரோட்டில் பின்பக்கம் சுழற்றிவிடும். ஓட்டுபவரோ ஸ்டீயரிங் சரியில்லை என்று நினைப்பார்.

இதை மட்டும் செய்யாதீங்க

* டை ராடு, டிராக் லிங்க், ஸ்டீயரிங் ஆர்ம் இவற்றை சூடு காட்டி வளைக்கவோ, வெல்டிங் வைத்து நீளம் மாற்றவோ கூடாது. சூடு பட்ட இரும்பின் பதம் போய்விடும். ஓடும்போது உடைந்தால் பிடிக்க ஆள் இல்லை.

* காயில் ஸ்பிரிங்கை கேஸ் வைத்து அமுக்கக் கூடாது. அதற்கும் இதே கதிதான். வெட்டினால் மட்டும் என்ன? ஸ்பிரிங் மென்மையாகாது, இன்னும் இறுகும். முனை சரியாக உட்காராமல் நகரும்.

* கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது. புதுசு சில ரூபாய்தான். அதுதான் நட்டு கழன்று விழாமல் காக்கிறது.

* வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங்கை விட்டுப் பார்த்து சோதிக்கக் கூடாது.

அலைன்மென்ட் கடைசியில்தான்

தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் அடுத்த குழியிலேயே அளவு மாறிவிடும். முதலில் உயரம், பிறகு தேய்ந்த பாகம், பிறகு பின் அச்சு, கடைசியில்தான் அலைன்மென்ட். டோ மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் உள்ள அளவுச் சீட்டு கேளுங்கள். அதில் கம்பெனி சொன்ன அளவும் உங்கள் வண்டியின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

வண்டியை ரொம்ப இறக்கியிருந்தால் கேம்பரும் காஸ்டரும் அளவுக்குள் வராது. திருக இடம் இருக்காது. பம்ப் ஸ்டீயரோ அந்தச் சீட்டில் தெரியவே தெரியாது, ஏன் என்றால் அலைன்மென்ட் பார்ப்பது நிற்கும் வண்டியில். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து, கம்பெனி அளவுள்ள ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து தீர்ப்பு அளித்தது. 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எப்.சி.யிலும் வண்டி நிற்கும். லோடு வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருடா வருடமும் எப்.சி. எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் விஷயம் அதை விட மோசம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளைம் கொடுக்க மறுக்கலாம். தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டி என்றால், வண்டியும் போய் கடனும் நிற்கும்.

உடனே நிறுத்துங்க

ஸ்டீயரிங் ஆட்டம் திடீரென்று கூடினாலோ, திருப்பும்போது 'கடக்' என்று சத்தம் வந்தாலோ, நடுவில் எங்கேயாவது பிடித்து நின்றாலோ, ஒரு சக்கரம் மட்டும் சாய்ந்து தெரிந்தாலோ, டயரில் கம்பி தெரிந்தாலோ, "பக்கத்து ஊர் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று நினைக்க வேண்டாம். ஓரம் கட்டி, லோடை வேறு வண்டியில் மாற்றி அனுப்புங்கள். ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். மலைப் பாதையில் டை ராடு கழன்றால் மறுநாள் என்று ஒன்று இருக்காது.